முகத்தைத் திருப்பிக்கொண்ட பிள்ளைகள்

உவரோடையில் படப் புத்தகங்களுக்குள் இருந்த பிள்ளைகள் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். முந்தின நாள் சாயங்காலம் தகர அலமாரிக்குள் வைத்துப் பூட்டும்போது மூக்கும் முழியுமாக இருந்தவர்கள், மறுநாள் வடிவு டீச்சர் அலமாரியைத் திறந்து முதல் புத்தகத்தை விரித்தபோது முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். ஊசிக்குப் பயந்த சிறுமியின் முகம் இருந்த இடத்தில் இரட்டைச் சடையும் நேர் வகிடும் இருந்தன, கம்பவுண்டர் மட்டும் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வகிட்டைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தார். முதல்தடவை முடி வெட்டப் போன பையன் நாற்காலியிலேயே மறுபக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். பல் விழுந்த பிள்ளை, இடிக்குப் பயந்த பிள்ளை, புதிதாய்ப் பிறந்த தம்பியைப் பார்த்து வயிறெரிந்த பிள்ளை, தொட்டிலில் கிடந்த அந்தத் தம்பி உட்பட எல்லாரும் அந்தப் பக்கம். பெரியவர்கள் திரும்பவில்லை. நாயும் கோழியும் ஜன்னல் காக்காயும் திரும்பவில்லை. படத்து அம்மா ஒருத்தி பிள்ளையின் பின்னந்தலையை முந்தானையால் ஒற்றி, கண்ணீரைத் துடைப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

உவரோடை உப்பளத்து ஊர். விடியுமுன்னே அம்மாவும் அப்பாவும் அளத்துக்குப் போய்விடுவார்கள், அதனால் அந்த ஊர்ப் பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு பால்வாடிக்கு வந்து, அங்கேயே பல் தேய்த்து, அங்கேயே சத்துமாவு உருண்டை தின்று, அங்கேயே அழுது, அங்கேயே சிரித்து, அங்கேயே வளர்வார்கள். ஆக அம்மா பாதி என்றால் வடிவு டீச்சர் மீதி. செண்பகவடிவு என்பது அவளுடைய முழுப்பெயர். அதைச் சொல்லிக் கூப்பிட அவளுடைய புருஷன் இருந்தான், அவன் போன பிறகு யாரும் இல்லை. அவள் கெட்டவள் இல்லை. இதைக் கதையின் ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கெட்டவர்களுக்கு வெட்கம் வராது, இது வெட்கத்தைப் பற்றிய கதை.

படத்துப் பிள்ளைகள் ஏன் திரும்பினார்கள் என்பது அவளுக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. தெரிந்ததைத் தெரியாததுபோல மடித்து உள்ளே வைத்துக்கொள்வது பெரிய மனிதர்களுக்குப் பழகிய வேலைதானே, அவளும் புத்தகத்தைப் பட்டென்று மூடி, இன்றைக்குக் கதை கிடையாது, கை தட்டி விளையாடலாம் என்று சொன்னாள்.

திங்கட்கிழமை நடந்தது இதுதான். புத்தகங்களைப் பரிசாகக் கொடுத்த சங்கத்துக்காரர்கள் அன்று டவுனிலிருந்து காரில் வந்திருந்தார்கள், பட்டுச்சேலை கட்டிய அம்மா ஒருத்தி நடுநாயகமாக உட்கார்ந்திருந்தாள், ஞானப்பூ ஆயா தரையை இரண்டுதடவை துடைத்து வைத்திருந்தாள். வடிவு டீச்சர் பாயில் நனைத்துவிட்ட பையனுடைய புத்தகத்தை எடுத்து வாசித்தாள். என்னமாய் வாசித்தாள். பையன் ஈரப்பாயை ஒளித்து வைப்பதும், பூனை அதை மோப்பம் பிடிப்பதும், கடைசியில் அம்மாவிடம் உண்மையைச் சொன்னதும், அவள் அவனை மடியில் தூக்கி வைத்து, சொல்லிட்டா போச்சு ராசா, இது எல்லாருக்கும் வர்றதுதான் என்று சொல்வதும், அத்தனையும் அவள் குரலில் உயிரோடு எழுந்து நடந்தன. வாசித்து முடித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். நம்ம பால்வாடியிலயும் யாருக்காச்சும் வந்துட்டா பயப்படப்பிடாது, டீச்சர்கிட்ட வந்து சொல்லணும், சரியா என்று கேட்டாள், பிள்ளைகள் ராகம் போட்டுச் சரிங்க டீச்சர் என்றார்கள், பட்டுச்சேலை அம்மா கண் கலங்கிவிட்டாள்.

அப்போதுதான் கவின் எழுந்தான். முத்துமாலையின் பிள்ளை, நாலு வயது, குட்டித் தொந்தியும் நெற்றியில் கோணல் பொட்டும். இதற்கு முன்னால் இரண்டொரு தடவை அவனுக்கு வந்ததுண்டு, அப்போதெல்லாம் மூலையில் குத்தவைத்து, காய்கிறவரை அசையாமல் இருந்து தப்பித்திருக்கிறான். இந்தத் தடவை அவன் புத்தகத்தை நம்பினான். எல்லாருக்கும் நடுவில் நிமிர்ந்து நின்று, ஏதோ பரிசு வாங்க வந்தவன் மாதிரி, "டீச்சர், நான் நனைச்சிட்டேன்" என்று சொன்னான்.

ஈரம் தரையில் ஓடிற்று. பட்டுச்சேலை அம்மா கரையைத் தூக்கிக்கொண்டு காலை மடக்கினாள். வடிவு டீச்சருக்கு அந்த நொடியில் கதையும் ஞாபகம் இல்லை, பிள்ளையும் ஞாபகம் இல்லை. தூக்கிய அந்தச் சேலைக்கரைதான் தெரிந்தது, துடைத்த தரைதான் தெரிந்தது, தன் மானம்தான் தெரிந்தது. வந்தவர்களைச் சிரிக்க வைத்துவிட்டால் போதும் என்று தோன்றியது. உவரோடைப் பால்வாடியில் ஒரு வழக்கம் உண்டு: நனைத்துக்கொண்டவர்களுக்கு மாற்றிவிட ஆணியில் ஒரு சிவப்புப் பூப்போட்ட கவுன் தொங்கும், ஆணோ பெண்ணோ அதைத்தான் போட வேண்டும், ஊரில் பாதி ஆம்பிளைகள் அதைப் போட்டு வளர்ந்தவர்கள், கல்யாண வீட்டுப் பந்தியில் மாப்பிள்ளையைக் கேலி செய்ய அந்தக் கவுன் கதையைத்தான் எடுப்பார்கள். அவள் அதை எடுத்து அவனுக்கு மாட்டி, ஒரு ஆட்காட்டி விரல்மேல் இன்னொரு ஆட்காட்டி விரலைத் தேய்த்து, ஷேம் ஷேம் என்று ஆரம்பித்துவைத்தாள். பிள்ளைகள் எல்லாரும் விரலைத் தேய்த்தார்கள். வந்தவர்களும் சிரித்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. கவினும் முதலில் சிரித்தான், கதையில் இப்படி ஒரு பக்கம் தனக்குத் தெரியாமல் இருந்ததோ என்று நினைத்தவனைப் போல; பிறகு புத்தகத்தைப் பார்த்தான், பிறகு டீச்சரைப் பார்த்தான், பிறகு எதையும் பார்க்கவில்லை.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். இப்படிப்பட்ட சங்கதியை அலமாரியில் பூட்டி வைக்க முடியுமா? ஞானப்பூ பார்த்தாள், ஞானப்பூ பார்த்தால் ஊர் பார்த்த மாதிரி. பத்துமணிக்குள் டீக்கடையில் பேச்சு வந்துவிட்டது. அச்சடிக்கும்போது தாளைத் திருப்பிப் போட்டிருப்பார்கள் என்று போட்டோ ஸ்டுடியோக்காரர் சொன்னார், அப்படியென்றால் கோழி ஏன் திரும்பவில்லை என்று கேட்டதும் டீயை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். சங்கத்துக்காரர்கள் புதிதாய் ஒரு கட்டுப் புத்தகம் அனுப்பினார்கள். பிரித்தபோது முகங்கள் இருந்தன, பிள்ளைகளுக்கு மத்தியானம் முட்டை உரித்துக் கொடுத்து முடிப்பதற்குள் அவையும் திரும்பிவிட்டன. ஆச்சரியப்படுவதை அத்தோடு ஊர் நிறுத்திக்கொண்டது. உப்புத் தண்ணீரில் நின்று கால் வெடித்தவர்களுக்கு ஆச்சரியப்பட்டுக்கொண்டே இருக்க நேரம் ஏது?

பிள்ளைகளுக்கோ ஆரம்பத்திலிருந்தே ஒன்றும் புதிராக இல்லை. அவங்க காய் விட்டிருக்காங்க என்று மூன்று வயதுப் பெண்பிள்ளை ஒன்று சொன்னது, மற்றதுகள் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, பின்னந்தலைகளைப் பார்த்தே கதை படிக்கப் பழகிக்கொண்டன. யாரோடு காய் என்று வடிவு டீச்சர் கேட்கவில்லை. யாரோடு பழம் விட்டால் திரும்புவார்கள் என்றும் கேட்கவில்லை.

அவளுக்கு அந்த முதுகுகளோடு ஒரே அறையில் இருக்க முடியவில்லை. ஆகவே வீட்டுக்கு ஒரு புத்தகமாக எடுத்துப் போங்கள், பிள்ளைகளுக்கு வீட்டில் வாசித்துக் காட்டுங்கள் என்று பிரித்துக் கொடுத்துவிட்டாள். நல்ல யோசனை என்று எல்லாரும் பாராட்டினார்கள். ஆனால் முதுகு என்பது வீட்டுக்குள் வந்துவிட்டால் சும்மா இருக்காது. டிவி மேல் சாத்தி வைத்த புத்தகத்திலிருந்து ஒரு பின்னந்தலை நாள் முழுக்கத் தெரிந்தால், சாப்பிடும்போதும் தெரிந்தால், சண்டை போடும்போதும் தெரிந்தால், யாருக்குத்தான் நெஞ்சு உறுத்தாது? என்னைப் பார்த்துத்தான் திரும்பியிருக்கோ என்று முதலில் நினைத்தது முடிவெட்டுகிற சங்கரபாண்டி. அழுத பிள்ளையின் தலையைத் தொடைக்கு நடுவில் இடுக்கிப் பிடித்து மழித்தது அவனுக்கு ஞாபகம் வந்தது. நீச்சல் பழக்குகிறேன் என்று மகனைக் கிணற்றில் தூக்கிப் போட்ட அப்பனுக்கு, மகன் மேலே வந்ததும் தான் சிரித்தது ஞாபகம் வந்தது. தம்பி பிறந்தவுடனே உன்னை யாருக்கும் பிடிக்காது என்று மூத்ததைச் சீண்டிய சித்திமாருக்கும், ஊசி போடமாட்டாங்க என்று சத்தியம் செய்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன அம்மாமாருக்கும் ஒவ்வொன்றாக வந்தது. யாரும் வெளியே சொல்லவில்லை. துண்டைப் போட்டுப் புத்தகத்தை மூடினார்கள், பிள்ளைகள் துண்டை எடுத்துவிட்டன. புத்தகத்துக்கு முன்னால் பிள்ளையை அடிக்கக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு தானாகவே ஊரில் வந்தது, அதனால் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போய் அடித்தார்கள்.

இதற்கிடையில் முத்துமாலை ஒருநாள் அளத்திலிருந்து நேராகப் பால்வாடிக்கு வந்தாள், புருவத்தில் உப்புப் பூத்திருந்தது. பையன் தண்ணி குடிக்கமாட்டேங்கான் என்றாள். சோறு தின்கிறான், விளையாடுகிறான், தண்ணீரைக் கொடுத்தால் மட்டும் உதட்டை நனைத்துவிட்டுத் தம்ளரை வைத்துவிடுகிறான், மடக்கென்று ஒரு வாய் உள்ளே போவதில்லை, இந்த வெயிலுக்கு என்ன ஆவான்.

"நீங்க சொன்னா கேப்பான் டீச்சர்" என்றாள் முத்துமாலை. "வீட்டுல எந்நேரமும் டீச்சர் டீச்சர்னுதான் இருப்பான். இப்பத்தான் உங்க பேரையே எடுக்கமாட்டேங்கான்."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. எதிரே நிற்பவளுக்கு ஒன்றுமே தெரியாது, அவள் விடியுமுன் போய் இருட்டி வருகிறவள், பிள்ளை கவுனோடு வீட்டுக்குப் போன அன்றைக்கும் அவள் களைத்துப்போய்க் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. வடிவு டீச்சர் அவளுடைய வெடித்த கையைப் பார்த்தாள். பிறகு, வெயில் காலம்தானே, சில பிள்ளைகளுக்கு அப்படித்தான், மோரில் உப்புப் போட்டுக் கொடுத்துப் பார் என்றாள். முத்துமாலை கும்பிட்டுவிட்டுப் போனாள். அவள் கும்பிட்ட கும்பிடு டீச்சரின் மேல் வெந்நீர் மாதிரி விழுந்தது, அன்றைக்கு அவளுக்கும் தண்ணீர் இறங்கவில்லை.

ஊருக்கு உறுத்தல் தாங்கவில்லை. ஊர்க் கமிட்டித் தலைவர் தவசிலிங்கம் அண்ணாச்சி, உப்பு வியாபாரம் பார்க்கிறவர், வீட்டில் பெரிய வாயும் சபையில் பெரிய மனசும் உள்ளவர், சமுதாயக் கூடத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் கூடி மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று முடிவு சொன்னார். யாரிடம் என்று ஒருத்தர் கேட்டார். பிள்ளைகளையே கூப்பிட்டு உட்கார வைக்கலாமே என்று இன்னொருத்தர் மெதுவாகச் சொன்னார். ஞானப்பூ நெஞ்சில் கை வைத்துவிட்டாள். பெரியவங்க சின்னதுககிட்ட மன்னிப்புக் கேட்டா சின்னதுகளுக்கு ஆயுசு குறையும், இது தெரியாதா உங்களுக்கு என்றாள். தெரியாமல் என்ன, எல்லாருக்கும் தெரியும். காலில் விழுவதும் கையைக் கூப்புவதும் கீழேயிருந்து மேலே போக வேண்டியவை, மேலேயிருந்து கீழே இறக்கினால் பிள்ளைக்கு ஆகாது. ஆகவே புத்தகங்களிடம் கேட்பது என்று தீர்மானமாயிற்று, தாளுக்கு ஆயுசுக் கணக்கு கிடையாதே. எல்லாருக்கும் மூச்சு வந்தது. பிள்ளையின் ஆயுசைக் காப்பாற்றிய மாதிரியும் ஆயிற்று, பிள்ளையின் கண்ணைப் பார்க்காமல் தப்பித்த மாதிரியும் ஆயிற்று.

என்ன விசேஷம் அது, பார்க்க வேண்டும். மைக் செட்டு வந்தது, டியூப் லைட்டு வந்தது, மேடையில் நீலச் சமுக்காளம் விரித்து அதன்மேல் புத்தகங்களை வரிசையாகத் திறந்து வைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு முழம் பிச்சிப்பூ போட்டார்கள், வாசலில் முறுக்கும் வடையும் சேமியா ஐஸும் விற்றார்கள். இது பெரியவர்கள் சமாச்சாரம் என்று பிள்ளைகளை வெளியே விரட்டிக் கதவைச் சாத்தினார்கள். ஒவ்வொருத்தராக மைக்கைப் பிடித்தார்கள். சங்கரபாண்டி அழுதான். கிணற்று அப்பன் பேசமுடியாமல் இறங்கினான். தவசிலிங்கம் அண்ணாச்சி பொதுவாக எல்லாருக்குமாகச் சேர்த்து நீளமாகக் கேட்டார், தான் செய்தது எது என்று மட்டும் சொல்லவில்லை. கடைசியில் வடிவு டீச்சர் ஏறினாள். பாயில் நனைத்த பையனுடைய புத்தகத்துக்கு முன்னால் நின்று, வாசிக்கிற குரலில், ஏற்ற இறக்கத்தோடு, நம்பி வந்து உண்மையைச் சொன்ன குழந்தையை நான் நோகடித்தேன் என்று சொன்னாள், பெயர் சொல்லவில்லை. கூடமே விம்மிற்று. கைதட்டினார்கள். ஒரு பின்னந்தலைகூட அசையவில்லை.

ஆனாலும் அவளுக்கு லேசாக இருந்தது. சொன்னால் வெட்கம், ஒரு வடையைத் தின்று முடிக்கிற நேரத்துக்கு அவளுக்கு உண்மையாகவே லேசாக இருந்தது. கை கழுவ வெளியே வந்தாள். தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் கவின் நின்றான். ஓடியாடிவிட்டு வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் தம்ளரில் மொண்டு மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தான், அவர்கள் மடக்மடக்கென்று குடிக்கிறபோது அவர்களுடைய தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான், அவனுடைய உதடு உப்பளத்துத் தரை மாதிரி வெடித்திருந்தது. டீச்சரைக் கண்டதும் தம்ளரை டிரம் மேல் வைத்துவிட்டு, அவசரப்படாமல், சுவரைப் பார்க்கத் திரும்பி நின்றுகொண்டான்.

ஏற்ற இறக்கத்தோடு பேசின நாக்கு அவளுக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இங்கேதான் நிற்கிறான், இரண்டு எட்டில் தொடலாம். உள்ளே கைதட்டினவர்கள் கதவைத் திறந்துகொண்டு வந்துகொண்டிருந்தார்கள். அவள் கை கழுவாமலே வீட்டுக்குப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை கவின் பால்வாடிக்கு வரவில்லை. நீர்க்கடுப்பு, ஒண்ணுக்குப் போகும்போது கத்துகிறான், காய்ச்சல் அடிக்கிறது, தண்ணீர் குடித்தே ஆகணும், இல்லாவிட்டால் குளுக்கோஸ் ஏற்ற ஆஸ்பத்திரியில் சேர்க்கணும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், முத்துமாலை கூலியை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறாள். ஞானப்பூ சொல்லி முடிப்பதற்குள் வடிவு டீச்சர் செருப்பை மாட்டிவிட்டாள். வழியெல்லாம் அந்த ஆயுசுப் பேச்சுதான் மண்டைக்குள் ஓடிற்று, அதை அவள் முழுக்க நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. குறைகிறதென்றால் என்னுடையதிலிருந்து குறையட்டும் என்று யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் சொல்லிக்கொண்டு உச்சிவெயிலில் நடந்தாள்.

அளத்து லைன் வீடுகளில் கடைசி வீடு. பையன் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். முத்துமாலை ஒரு சொம்பும் தம்ளருமாக உட்கார்ந்திருந்தவள் எழுந்து, வாங்க டீச்சர், நீங்களாச்சும் சொல்லுங்க என்று இடம் விட்டாள். டீச்சர் பாயில் உட்காரவில்லை, தரையில் உட்கார்ந்தாள். கும்பிடலாமா என்று கை எழுந்தது, மேடை ஞாபகம் வந்து அதைக் கீழே போட்டாள். குரலில் எந்த ஏற்ற இறக்கமும் வராதபடி பார்த்துக்கொண்டாள்.

"கவினு. அன்னைக்கு எல்லாரு முன்னாலயும் உனக்குக் கவுனை மாட்டி, சிரிக்க வச்சேன்லா. அது தப்பு. நான் செஞ்ச தப்பு. என்னை மன்னிச்சிருய்யா."

சொம்பு நகர்ந்த சத்தம் கேட்டது. முத்துமாலை சுவரில் சாய்ந்துவிட்டிருந்தாள். பையன் சுவரிடம் பேசுகிறவன் மாதிரி, "நான் தெரியாமத்தான் டீச்சர் ஒண்ணுக்கு இருந்துட்டேன்" என்றான்.

"நீ தெரியாமச் செஞ்ச" என்றாள் வடிவு டீச்சர். "நான் தெரிஞ்சே செஞ்சேன்."

அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது, மேடையில் வந்த அழுகை இல்லை இது, மூக்கு ஒழுகி முகம் கோணுகிற அழுகை. முத்துமாலை அவளுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. "மோரு குடுக்கச் சொன்னீயளே டீச்சர்" என்றாள். "தெரிஞ்சிக்கிட்டே எங்கிட்ட மோரு குடுக்கச் சொன்னீயளே." அவ்வளவுதான் சொன்னாள். ஆமா என்று மட்டும் டீச்சர் சொன்னாள், முத்துமாலை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் அன்றைக்கு மன்னிக்கவில்லை. பிறகும் மன்னித்தாளா என்று யாருக்கும் தெரியாது.

பையன் திரும்பிப் படுத்தான். டீச்சர் அழுவதைக் கவனமாகப் பார்த்தான், பெரியவர்கள் அழுவதைப் பிள்ளைகள் பார்க்கிற அந்த ஆராய்ச்சிப் பார்வை. பிறகு, வயித்துல தண்ணி இருந்தா வந்துருமே டீச்சர் என்று தன்னுடைய கஷ்டத்தைச் சொன்னான். வரட்டும் என்றாள் அவள். பால்வாடியில வந்துட்டா? வரட்டும். காரு வந்திருக்கும்போது வந்துட்டா? அப்பமும் வரட்டும் என்றாள். அவன் யோசித்தான். எழுந்து வந்து அவள் மடியில் ஏறி உட்கார்ந்தான், கண்டிப்பாகச் சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு கட்டினவன் மாதிரி. சொம்பிலிருந்து அவள் ஊற்றிக் கொடுத்த தம்ளரை இரண்டு கையாலும் பிடித்து ஒரு வாய் குடித்தான், நிறுத்தினான், ஏதும் நடக்கிறதா என்று பார்த்தான், இன்னொரு வாய் குடித்தான். பிறகு பல்லில் தம்ளர் இடிக்க இடிக்கக் குடித்தான். மூன்றாவது தம்ளரில் அவனுக்குக் கண் சொருகியது, அவள் மடியிலேயே தூங்கிப்போனான். கொஞ்ச நேரத்தில் அவளுடைய தொடையில் சூடாக ஈரம் பரவிற்று. தூக்கத்தில் அவனுக்கு வலித்தது, லேசாக முனகினான், அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள், ஈரம் ஆறிச் சில்லிட்டுப் போகிறவரை அசையவில்லை. அடுப்படியிலிருந்து முத்துமாலை எட்டிப் பார்த்தாள், காலியான சொம்பைக் குனிந்து எடுத்து மறுபடி நிரப்பிக்கொண்டு வந்து வைத்தாள், டீச்சர் முகத்தைப் பார்க்கவில்லை.

படத்துப் பிள்ளைகள் அந்த நிமிஷமே திரும்பிவிட்டார்கள் என்று உவரோடையில் சொல்கிறவர்கள் உண்டு, நம்பாதீர்கள். ஊருக்கெல்லாம் சேர்த்து யாரோ ஒருத்தி கேட்ட மன்னிப்பு செல்லுபடியாகுமா? ஒவ்வொரு வீட்டிலும் கதவைச் சாத்திக்கொண்டு, மைக் இல்லாமல், ஒவ்வொருத்தராகப் பிள்ளைக்கு முன்னால் தரையில் உட்கார வேண்டியிருந்தது, ஆயுசு குறையுமோ என்று நடுங்கிக்கொண்டே உட்கார்ந்தார்கள், அடுத்த மழைக்காலம் வரைக்கும் ஒன்றும் இரண்டுமாகத்தான் முகங்கள் இந்தப் பக்கம் வந்தன. சில வீடுகளில் இன்றைக்கும் பின்னந்தலைதான். அந்த வீட்டுக்காரர்களிடம் கேட்டால் பேச்சை மாற்றுவார்கள்.

வடிவு டீச்சர் பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டு எழுந்தபோது மத்தியானம் சாய்ந்திருந்தது. சேலையின் முன்பக்கம் மடியிலிருந்து முழங்கால் வரை நனைந்து, வெளுத்த நீலத்தில் கருநீலமாகத் தெரிந்தது, வாடையும் அடித்தது. முத்துமாலையிடம் மாற்றுச் சேலை கேட்க அவளுக்கு வாய் வரவில்லை, முத்துமாலையும் கொடுக்கவில்லை. பின்பக்கம் ஓடைக்கரையோடு போனால் ஒருத்தர் கண்ணிலும் படாமல் வீடு சேரலாம். அவள் கடைத்தெரு வழியாகப் போனாள்.

டீக்கடை வாசலில் தவசிலிங்கம் அண்ணாச்சி நாலைந்து பேரோடு நின்றார். பார்த்தார், மூக்கைச் சுளித்தார், பிறகு பெரிய மனுஷத் தோரணையில், என்ன டீச்சர், முத்துமாலை வீட்டுக்குப் போனீயளாமே, சேலையெல்லாம் இப்படி, அந்தப் பயலா என்று கேட்டார். தண்ணீர் கொட்டிவிட்டது என்று சொல்ல அவளுடைய நாக்கு தயாராக இருந்தது. ஆமாம் என்று தலையாட்டினாலும் போதும், கூட்டம் இரக்கப்பட்டிருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகளும் அங்கே வந்து நின்றுவிட்டன.

"அவன் இல்ல அண்ணாச்சி" என்றாள் வடிவு டீச்சர். "நான்தான் நனைச்சிட்டேன்."

யாரோ ஒருத்தன் சிரித்தான், அப்புறம் இன்னொருத்தன் சிரித்தான், கடைசியில் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டன. காது மடல் எரிந்தது, கழுத்து எரிந்தது, நாலு வயதில் இது எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. தெரு முடிகிறவரை அவள் வேகமாக நடக்கவில்லை.